போனில் பாட்டுப் பண்ண எந்த ஆப்? ஒரு சென்னை ஒப்பீடு

இசை ஆப்களை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது எதில் வசதி அதிகம் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் செய்யும் பாட்டு கடைசியில் எங்கே போகப் போகிறது? ரீல்ஸோடு முடிந்துவிடும் முப்பது நொடி பீட், வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்கு மிக்ஸிங் போகும் டெமோ, மார்கழிக் கச்சேரிக்குத் தயாராகும்போது கணக்கு சரியா என்று பார்க்க எடுக்கும் பதிவு, இவை மூன்றுக்கும் ஒரே ஆப் பொருந்தாது. போகும் இடம் தெரிந்துவிட்டால் பாதி ஆப்கள் தாமாகவே விலகிவிடும். மீதியை உங்கள் கையிலிருக்கும் போன் விலக்கிவிடும்.

காரேஜ்பேண்ட், பேண்ட்லேப், எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், கியூபேசிஸ் 3, கோலா சாம்ப்ளர், ஜியோஷ்ரெட் ஆகிய ஆறையும் இந்தக் கண்ணோடுதான் இங்கே எடைபோட்டிருக்கிறோம். ஸ்டோரில் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. இலவசமா, ஒரே முறை பணமா, சந்தாவா என்பது மட்டும் இருக்கிறது.

ஆப்புக்கு முன்னால் போன்

திரையில் தட்டிய நொடிக்கும் சத்தம் காதில் விழும் நொடிக்கும் நடுவே உள்ள தாமதத்தை லேட்டன்சி என்கிறோம். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், மேடையில் மிருதங்கம் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க அவ்வளவு நேரம்தான் எடுக்கும். அதோடு நிம்மதியாக வாசிக்கலாம். 30-ஐத் தாண்டினால் கை தடுமாற ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் துரித காலத்தில் எந்தச் சொற்கட்டும் நிற்காது.

ஐபோன், ஐபேடில் இது பெரிய கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் நிலைமை போனுக்குப் போன் மாறும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து ஏஆடியோ என்ற வேகமான ஒலிப்பாதை இருக்கிறது. ஆனால் போன் தயாரித்தவர்கள் அதை எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன். நண்பரின் போனில் வெண்ணெயாக ஓடும் ஆப் உங்கள் போனில் திணறலாம். அதனால் ஆண்ட்ராய்டு ஆப்பை அடுத்தவர் அனுபவத்தை நம்பி வாங்கக் கூடாது. உங்கள் போனில் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அளப்பது எளிது. ஆப்பில் 60 பிபிஎம் (நிமிடத்துக்கு 60 அடி) வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரிம்ஷாட் (டிரம்மின் ஓரத்தில் அடிக்கும் கூர்மையான சத்தம்) விழும்படி ஒரு டிராக் போடுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு, அந்தச் சத்தம் போன் ஸ்பீக்கரில் வரும்போதே அதே போனின் மைக்கில் இன்னொரு டிராக்காகப் பதிவு செய்யுங்கள். பிறகு ஜூம் செய்து, பதிவான அடி மூல அடியிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். 60 பிபிஎம்மில் ஒரு அடி 1000 மில்லிசெகண்ட். அந்த ஒரு அடியில் பதினாறில் ஒரு பங்கு 62.5 மில்லிசெகண்ட். பதிவான அடி அந்தப் பங்கில் பாதிக்குமேல் தள்ளி நின்றால், அந்தப் போனில் அந்த ஆப்பில் உங்கள் குரலையே இயர்போனில் கேட்டுக்கொண்டு பாடுவது சிரமம். குரலைத் திருப்பிக் கேட்கும் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுப் பாட வேண்டியதுதான். பதிந்த பிறகு டிராக்கை அதே அளவு முன்னால் இழுத்துவிட்டால் தாளம் சரியாகிவிடும். பேண்ட்லேப்பின் செட்டிங்ஸில் இந்தத் திருத்தத்தைத் தானே அளந்து செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதை ஓட்டிவிடுங்கள்.

ஆப் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் இடைக்கிடங்குக்குப் பஃபர் என்று பெயர். அதன் அளவை மாற்ற ஆப் இடம் கொடுத்தால் கணக்கு இதுதான்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. உள்ளே வரும் வழிக்கு ஒரு முறை, வெளியே போகும் வழிக்கு ஒரு முறை என இது இரண்டு தடவை சேரும். போனின் சொந்தத் தாமதம் அதற்கு மேல். பாடும்போதும் வாசிக்கும்போதும் சிறிய பஃபர். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். படபடவென்ற வெடிப்புச் சத்தம் போய்விடும்.

ப்ளூடூத் இயர்பட் மட்டும் வேண்டவே வேண்டாம். நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் தாமதம் வரும். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இணைப்பு போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும், பாட்டே டெலிபோனில் கேட்பதுபோல் ஆகிவிடும். வயர் உள்ள சாதாரண இயர்போன் எந்த விலையுயர்ந்த இயர்பட்டையும்விட இந்த வேலைக்கு மேல்.

நல்ல மைக்கோ கிதாரோ இணைப்பதாக இருந்தால் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிதாரையும் போனோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள், கிளாஸ் கம்ப்ளையன்ட், அதாவது தனி டிரைவர் இல்லாமலே ஓடும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து. ஐபோன் 15 முதல் யுஎஸ்பி-சி இருப்பதால் நேராகச் செருகலாம். அதற்கு முந்தைய ஐபோன்களுக்கு, சார்ஜர் செருகவும் ஒரு துளை உள்ள லைட்னிங் கேமரா அடாப்டர் வேண்டும். அது ஏன் என்றால், மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் கொடுக்கும் இன்டர்ஃபேஸ் இழுக்கும் மின்சாரத்தைப் போன் தனியாகத் தராது, இணைப்பையே துண்டித்துவிடும். ஆண்ட்ராய்டில் சில போன்களில், வெளிக் கருவிகளைப் போனில் செருக உதவும் ஓடிஜி-யை செட்டிங்ஸில் தனியாக ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அது தானாக அணைந்தும் விடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடாப்டர் வாங்கும்போது கடையிலேயே ஒரு பென்டிரைவைச் செருகி, போன் அதைப் படிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளும் டேட்டா போகும் கேபிளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காரேஜ்பேண்ட்: ஐபோன் இருந்தால் இங்கே தொடங்குங்கள்

இலவசம், விளம்பரம் இல்லை, 32 டிராக் வரை போகும். ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் முதல் ஆப்புக்குப் பணம் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. டிரம்ஸ், கீபோர்டு, பாஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் திறந்தவுடன் வாசிக்கத் தயாராக இருக்கும். ஆப் ஸ்டோரில் கிடைக்கும் ஆடியோ யூனிட் பிளக்இன்களையும் (ஆப்புக்குள் சேரும் கூடுதல் வாத்தியம், எஃபெக்ட்) உள்ளே கொண்டுவரலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பல்லவியைப் பாடிக்கொண்டே இருக்கும்போது எட்டாவது பார் (4/4-இல் நான்கு அடி ஒரு பார்) முடிந்ததும் பதிவு மறுபடி முதலுக்குப் போய்விடும். ஆப் கெட்டுப்போகவில்லை. புதுப் பாட்டின் செக்‌ஷன் நீளம் எட்டு பார் என்றே தொடங்கும். வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, செக்‌ஷன் ஏ-க்குள் போய், ஆட்டோமேட்டிக்கை ஆன் செய்யுங்கள். அதேபோல சாங் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 24 பிட் பதிவையும் ஆன் செய்துவிடுங்கள். குரல் ஏறி இறங்கும் பாட்டுகளில் மெல்லிய இடங்கள் இரைச்சலில் மூழ்காமல் இருக்க அது உதவும்.

நமக்கு உண்மையான இடைஞ்சல் தாளத்தில் வருகிறது. காரேஜ்பேண்ட் தருவது 4/4, 3/4, 6/8 மட்டும். ஆதி தாளத்துக்கும் ரூபகத்துக்கும் இது போதும். மிஸ்ர சாபுவுக்கும் கண்ட சாபுவுக்கும் நேரடி வழி கிடையாது. சுற்று வழி உண்டு, அது கணக்குப் பிசகாமல் வேலை செய்யும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்றால் 28 அடி. 4/4-இல் அது சரியாக ஏழு பார். செக்‌ஷன் நீளத்தை ஏழு பார் என்று வையுங்கள், மெட்ரோநோமை அணையுங்கள், ஒரு டிரம் டிராக்கில் மூன்றும் நான்குமாகப் பிரித்து நீங்களே அடி போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோநோமை அணைக்காவிட்டால் நான்கு அடிக்கு ஒரு தடவை அது கொடுக்கும் அழுத்தம் உங்களை வழுக்கிவிடும். கண்ட சாபுவுக்கு நான்கு ஆவர்த்தனம் 20 அடி, அதாவது ஐந்து பார்.

நடை மாற்றமும் இப்படித்தான். 80 பிபிஎம்மில் கண்ட நடை (ஒரு அடிக்கு ஐந்து உட்பிரிவு) வேண்டும் என்றால், ஒரு அடிக்கு ஐந்து கட்டம் தரும் கிரிட் எளிதில் கிடைக்காது. டெம்போவை 100 என்று வைத்து, ஒரு அடியை நான்காகப் பிரிக்கும் 1/16 கிரிட்டைப் பிடியுங்கள். அதில் ஐந்து கட்டம் சேர்ந்தால் 0.75 நொடி; 80 பிபிஎம்மில் ஒரு அடியும் அதே 0.75 நொடிதான். ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் ஐந்து பாரில் வந்து முடியும். அடிக்கு ஏழு உட்பிரிவுள்ள மிஸ்ர நடைக்கு 140 என்று வைத்தால் ஏழு கட்டம் ஒரு அடி, இரண்டு ஆவர்த்தனம் ஏழு பார். இந்த முறை எந்த ஆப்பிலும் செல்லும். கிரிட்டை மட்டும் நம்பும் பீட் ஆப்களில் கோர்வை எழுத இதைவிடச் சுலபமான வழி இல்லை.

காரேஜ்பேண்டின் பெரிய குறை வெளியே போகும் வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுக்க ஒரே பொத்தான் கிடையாது. ஒவ்வொன்றாகச் சோலோ போட்டு ஷேர் செய்ய வேண்டும். உங்கள் பாட்டு முடிவில் லாஜிக் (ஆப்பிளின் இசை மென்பொருள்) வைத்திருக்கும் ஒருவரிடம் போகும் என்றால் கவலையில்லை, ப்ராஜெக்ட் ஃபைலை அப்படியே அவர் திறந்துவிடலாம். வேறு மென்பொருள் உள்ள ஸ்டூடியோ என்றால் பன்னிரண்டு டிராக்குக்குப் பன்னிரண்டு தடவை இதைச் செய்ய மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேண்ட்லேப்: நண்பர்கள் வேறுவேறு ஊரில் இருந்தால்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், பிரவுசர் என மூன்றிலும் ஓடுகிறது, அடிப்படைப் பயன்பாடு இலவசம், 16 டிராக் வரை. தாம்பரத்தில் இருப்பவர் கீபோர்டு வாசித்து ஏற்ற, கோவையில் இருப்பவர் அதன்மேல் பாடி ஏற்ற, பழைய வடிவங்களும் அப்படியே இருக்கும். ஒருவர் கெடுத்தாலும் முந்தைய வடிவத்துக்குத் திரும்பலாம். இந்த வசதி இவ்வளவு சுலபமாக வேறு எதிலும் இல்லை. மாணவர் குழுக்களுக்கும் சர்ச் பாடகர் குழுக்களுக்கும் யோசிக்காமல் இதையே சொல்வோம்.

ப்ராஜெக்ட்டைத் தொடங்கும்போதே பிரைவேட்டாக இருக்கிறதா என்று பார்க்கவும். வெளியே எடுக்கும் வேலையை போனில் செய்யாமல் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து செய்யுங்கள். அங்கே டிராக்குகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் மாஸ்டரிங் ரீல்ஸுக்குப் போதும். ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் ஃபைலில் அதை ஒருபோதும் போடாதீர்கள். அது ஒலியை அழுத்திவிட்ட பிறகு மிக்ஸ் செய்பவரால் எதையும் மீட்க முடியாது.

எஃப்எல் ஸ்டூடியோ மொபைலா, கியூபேசிஸ் 3-ஆ

காசு கொடுத்து வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் நிஜமாகவே தடுமாறுவது இந்த இரண்டுக்கு நடுவில்தான். இரண்டும் ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்-இலும் உண்டு. இரண்டுக்கும் ஒரே முறை பணம், கூடுதல் ஒலித் தொகுப்புகளுக்குத் தனி விலை. இரண்டிலும் 5, 7 என்று தாள எண்ணிக்கை வைக்கலாம். அதற்கு மேல் இரண்டும் வேறு வேறு மனிதர்களுக்காகச் செய்தவை.

எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் பீட் கட்டுபவருக்கு. ஸ்டெப் சீக்வென்ஸரும் பியானோ ரோலும் சிறிய திரையிலும் கையில் அடங்கும். குத்துப் பாட்டுக்கோ கானாவுக்கோ தாளக்கட்டு போட்டு, அதன்மேல் பாஸும் சிந்த்தும் அடுக்குவது இதில் வேகமாக நடக்கும். கானாவின் துள்ளல் பெரும்பாலும் 6/8 ஓட்டத்தில் இருக்கிறது. அதனால் கிரிட்டை மூன்றாகப் பிரியும் டிரிப்லெட்டுக்கு மாற்றிய பிறகுதான் முதல் அடியே போட வேண்டும். நான்காகப் பிரியும் கிரிட்டில் போட்டுவிட்டு ஸ்விங்கை ஏற்றிச் சரிக்கட்டினால் தோலக்கின் நெளிவு வராது. இதன் உண்மையான பலம் கம்ப்யூட்டரில் இருக்கிறது: டெஸ்க்டாப் எஃப்எல் ஸ்டூடியோவுக்குள் இதே ஆப் ஒரு பிளக்இன்னாக உட்கார்ந்திருக்கும், பஸ்ஸில் போட்ட பீட்டை வீட்டில் அப்படியே திறக்கலாம். எதிர்த் திசையில் நடக்காது, டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் போனில் திறக்காது. குரல் பதிவு செய்ய இது இரண்டாம் தரம்தான். நாலைந்து டேக் எடுத்து நல்ல வரிகளைச் சேர்த்து ஒட்டும் வேலை இதில் அலுப்பூட்டும்.

கியூபேசிஸ் 3 பாடுபவருக்கும் வாத்தியம் பதிபவருக்கும். ஸ்டெயின்பெர்க் தயாரிப்பு, 2019 கடைசியில் ஐஓஎஸ்-க்கு வந்தது, அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டுக்கு. டிராக்குக்கு வரம்பு இல்லை, மிக்ஸர் 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட். வெட்டுவது, ஒட்டுவது, ஃபேட் கொடுப்பது, ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸர் போடுவது எல்லாம் கம்ப்யூட்டரில் செய்வதுபோலவே நடக்கும். ப்ராஜெக்டை, ஸ்டெயின்பெர்க்கின் கம்ப்யூட்டர் மென்பொருளான கியூபேஸில் திறக்கலாம். சென்னை ஸ்டூடியோக்களில் கியூபேஸ் தெரிந்தவர் எளிதில் கிடைப்பார் என்பதால் இது சாதாரணச் சௌகரியம் இல்லை. போனின் சிறிய திரையில் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்; டேப்லெட்டில்தான் இதன் அருமை தெரியும். இரண்டும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தால், குரல் முக்கியமானவர்கள் கியூபேசிஸை எடுங்கள். முதலில் தாளம் பிறந்து பிறகு வரி வரும் என்பவர்கள் எஃப்எல்லை எடுங்கள். இரண்டையும் வாங்கத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் இரண்டு மைக்குக்கு மேல் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்றால், உதாரணமாகக் குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் தனித்தனி டிராக்காக வேண்டும் என்றால், இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஆடியோ எவல்யூஷன் மொபைலைப் பாருங்கள். அது ஆண்ட்ராய்டின் ஒலிப்பாதையை நம்பாமல் தன் சொந்த யுஎஸ்பி டிரைவரோடு வருகிறது, அதற்குத் தனிக் கட்டணம். பல சேனல் இன்டர்ஃபேஸை ஆண்ட்ராய்டில் ஒழுங்காக ஓட்ட இதுதான் நம்பிக்கையான வழி. தோற்றம் பழையது, வேலை சுத்தமானது.

கோலா: குறைந்த காசுக்கு நிறைந்த சந்தோஷம்

கோலா சாம்ப்ளரில் 64 பேட் உண்டு. ஒரு பேடை அழுத்திக்கொண்டு மைக்கில் எதையாவது காட்டினால் அது பதிந்துவிடும், விட்டால் நிற்கும், மறுபடி தட்டினால் ஒலிக்கும். அவ்வளவுதான் பாடம். தண்ணீர்க் குடத்தில் ஒரு தட்டு, கோயில் மணி, மின்சார ரயில் கதவு, கொன்னக்கோல் சொற்கள், எதுவும் வாத்தியமாகிவிடும். விலை மிகக் குறைவு, ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் உண்டு. சாமுராய் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் நுணுக்கமான எடிட்டிங் வரும். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அதை வாங்குங்கள்.

முழுப் பாட்டை இதில் முடிக்க முயல வேண்டாம். நான்கு பார் யோசனையை இதில் பிடித்து, வேவ் ஃபைலாக வெளியே எடுத்து, மற்ற ஆப்பில் வளர்த்துக்கொள்ளுங்கள். பேடில் பதிந்த சாம்பிளின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று இடைவெளியை வெட்ட மறந்தால், ஒவ்வொரு அடியும் தாமதமாக விழுவதுபோல் இருக்கும், பழி லேட்டன்சி மேல் போகும்.

கமகம் என்று வந்தால்

இதுவரை சொன்ன எல்லா ஆப்களும் பியானோவின் வரிசையில் யோசிப்பவை. ஸ்வரத்தை அசைக்க அவை தருவது பிட்ச் வீல், அதன் வழக்கமான எல்லை மேலே இரண்டு செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி), கீழே இரண்டு செமிடோன். தோடியின் சாதாரண காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆடும் எல்லை கீழே சுத்த ரிஷபம், மேலே சுத்த மத்யமம். இரண்டும் சரியாக இரண்டு செமிடோன் தூரம். எனவே அந்த அசைவு எப்படியோ அடங்கிவிடும். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போகும் ஒரு ஜாரு என்றால் ஏழு செமிடோன், அது அடங்காது. எல்லையை 12-க்கு ஏற்றலாம். ஏற்றினால் வீலின் சிறு அசைவே பெரிய தாவலாகி நுணுக்கம் போய்விடும். காரேஜ்பேண்ட் கீபோர்டில் பிட்ச் என்ற முறைக்கு மாற்றிவிட்டு, கட்டையில் வைத்த விரலை எடுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி வாசிப்பது வீலைவிட எவ்வளவோ மேல். முதலில் அதை முயன்று பாருங்கள்.

அதற்கும் மேலே போக ஜியோஷ்ரெட் இருக்கிறது. திரை முழுவதும் தந்தி வாத்தியம்போல் வரிசைகள். விரல் எவ்வளவு நகர்ந்ததோ ஸ்வரமும் அவ்வளவே நகரும். ஸ்வரம் தானாகச் சரியான இடத்தில் போய் உட்கார எவ்வளவு உதவ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம்: புதிதாகப் பழகுபவர்கள் அதிகமாகவும், பழகியவர்கள் குறைவாகவும் வைத்துக்கொள்ளலாம். மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆப்பின் வீச்சு தெரியும். நாதா என்ற இந்திய வாத்தியத் தொகுப்புக்குத் தனி விலை. வாங்குமுன் ஒன்று மனதில் இருக்கட்டும். இது வாத்தியம், டிராக் அடுக்கும் மேசை அல்ல. பதிவுக்கு இன்னொரு ஆப் வேண்டும், கை பழக மாதங்கள் வேண்டும். வீணையோ வயலினோ ஏற்கெனவே கற்றவர்களுக்குச் சீக்கிரம் வசப்படும். போன் திரையில் நெருக்கடி; ஐபேடில் வாசிப்பதுதான் சுகம்.

பாடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பேண்ட்லேப்பின் ஆட்டோபிட்ச், காரேஜ்பேண்டின் எக்ஸ்ட்ரீம் டியூனிங் போன்றவை குரலைப் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுப்பவை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் அவற்றின் கண்ணுக்குப் பிழை. அசையும் காந்தாரத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும். ராகம் சார்ந்த பாட்டுக்கு அணைத்துவிடுங்கள். மெல்லிசைக்கு வேண்டும் என்றால் அளவை மிகவும் குறைத்து, ஸ்கேலைச் சரியாகக் கொடுங்கள். சங்கராபரணம் என்றால் மேஜர், நடபைரவி என்றால் மைனர், கீரவாணி என்றால் ஹார்மோனிக் மைனர், கரகரப்ரியா என்றால் டோரியன், ஹரிகாம்போஜி என்றால் மிக்ஸோலிடியன், கல்யாணி என்றால் லிடியன், தோடி என்றால் ஃப்ரிஜியன். மாயாமாளவகௌளைக்கு வழக்கமான பட்டியலில் இடமில்லை. டபுள் ஹார்மோனிக் என்று எங்காவது இருந்தால் அதுதான். சுருதிக் கட்டையை ஆப்பின் கீயாக மாற்றும்போது 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 4 எஃப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ. ஐந்தரைக் கட்டையில் பாடிவிட்டு கீ சி-யிலேயே இருந்தால், திருத்தம் என்ற பெயரில் ஆப் அபஸ்வரத்தைத்தான் தரும்.

சென்னையில் பதியும்போது

எந்த ஆப்பானாலும் இந்த ஊரில் பதிவைக் கெடுப்பவை சில உண்டு. முதலில் வெயில். ஐபோனை 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறை அதை காலையிலேயே தாண்டிவிடும். சூடான போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது பஃபர் போதாமல் வெடிப்புச் சத்தம் வரும். கவரைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பதிந்து முடித்த சிந்த் டிராக்குகளை கியூபேசிஸில் ஃப்ரீஸ் செய்தும் காரேஜ்பேண்டில் மெர்ஜ் செய்தும் பாரத்தை இறக்குங்கள். மெர்ஜ் செய்வதற்கு முன் ப்ராஜெக்ட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்வது அவசியம்.

சார்ஜரைச் செருகியபடி பதிந்தால் இன்டர்ஃபேஸ் வழியாக 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறலாம். பேட்டரியை நிரப்பிக்கொண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்; மேலே சொன்ன லைட்னிங் அடாப்டருக்கு மின்சாரம் தேவைப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் நல்ல டேக் போய்விடும். சீலிங் ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். அதன் காற்று மைக்கில் மோதும் சத்தத்தை எந்த ஃபில்டரும் முழுதாக எடுக்காது. ஏசியில் அறையை முதலில் குளிர வைத்து, அணைத்துவிட்டுப் பாடலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி மைக்கை நிறுத்தி, அதற்கும் பீரோவுக்கும் நடுவில் நின்று பாடினால் எதிரொலி வெகுவாகக் குறையும்.

பறை, தவில் இரண்டையும் போன் மைக்கில் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். ஆப்பில் கெயினை (பதிவின் ஒலி அளவை) குறைப்பது உதவாது, வெட்டு மைக்கிலேயே நடந்துவிட்டது. ஆறு முதல் எட்டு அடி தள்ளிப் போய், தோலின் நேர்முகத்திலிருந்து சற்று விலகி வையுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பேச்சுக்காகச் செய்யும் ஒலிச் சமப்படுத்தலும் இரைச்சல் நீக்கமும் அடியின் பின்னொலியை விழுங்கிவிடும். ஆடியோ செட்டிங்ஸில் அன்பிராசஸ்டு என்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள்.

போன் ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்யவே கூடாது. மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிதாரும் இருக்கும் தாழ்ந்த பகுதியை அந்தச் சிறிய ஸ்பீக்கர் ஒலிக்காது. கேட்கவில்லையே என்று ஏற்றுவீர்கள், காரில் போட்டால் கதவு அதிரும். மூடிய ஹெட்போனில் மிக்ஸ் செய்து, கடைசியில் ஒரு தடவை மட்டும் ஸ்பீக்கரில் கேளுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஐபேட் இருந்து, மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்ட முடிந்தால் லாஜிக் ப்ரோ இவை எல்லாவற்றையும்விட முழுமையானது. 2023 மே மாதம் ஐபேடுக்கு வந்தது, ஏ12 சிப் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் சந்தா நியாயமாகும். மேடையில் லூப் போட்டுப் பாடுபவர்கள் ஐஓஎஸ்-இல் லூப்பி ப்ரோவைப் பாருங்கள், வாங்குமுன் சோதிக்க நாட்கள் தருகிறார்கள். ஏபிள்டன் லைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஏபிள்டன் நோட் நல்ல குறிப்பேடு. லைவ் இல்லாதவர்களுக்கு அதில் பெரிய பயன் இல்லை.

கொடுப்பதும் வாங்குவதும்

ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது: எல்லா டிராக்கும் வேவ், 24 பிட். படத்துக்கோ குறும்படத்துக்கோ என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் கேட்பார்கள். காரேஜ்பேண்டில் எடுப்பது 44.1 என்பதைச் சொல்லிவிட்டால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். டிராக் ஒவ்வொன்றும் முதல் பாரின் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும், குரல் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும். எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டர் சேனலில், உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டர் வேண்டாம். ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்ட குரலோடு போடாத குரலையும் சேர்த்துக் கொடுங்கள். ஃபைல் பெயரிலேயே பிபிஎம்மும் கட்டையும் எழுதிவிடுங்கள். நடைக்காக டெம்போவை மாற்றி வைத்திருந்தால் உண்மையான டெம்போவையும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கிரிட்டில் எதுவும் உட்காராது.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, பன்னிரண்டு டிராக் என்றால் 500 எம்பியைத் தாண்டும், வேண்டாத டேக்குகள் தனி. ஆண்ட்ராய்டில் பல ஆப்கள் ப்ராஜெக்ட்டைத் தங்கள் சொந்த ஃபோல்டரிலேயே வைக்கின்றன. இடம் போதவில்லை என்று ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் பாட்டும் சேர்ந்து அழியும். முதலில் ப்ராஜெக்ட்டை ஷேர் செய்து டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ வைத்து, அங்கே திறக்கிறதா என்று பார்த்த பிறகு நீக்குங்கள்.

ப்ளே ஸ்டோரில் வாங்கியது ஆப் ஸ்டோருக்கு வராது. அடுத்த வருடம் ஐபோனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் பெரிய ஆப்பை இப்போது ஆண்ட்ராய்டில் வாங்காதீர்கள், பேண்ட்லேப்பிலும் கோலாவிலும் ஓட்டுங்கள். இப்போதே வாங்குவதென்றால், ப்ளே ஸ்டோரில் வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஆப் பக்கத்திலேயே ரீஃபண்ட் பொத்தான் இருக்கும். அதனால் அவகாசம் உள்ள ஒரு மாலையில் வாங்குங்கள். இன்டர்ஃபேஸ், கேபிள், இயர்போன் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய கையோடு மேலே சொன்ன ரிம்ஷாட் சோதனையை ஓட்டி, மூன்று நிமிடம் குரல் பதிந்து, ஒரு வேவ் ஃபைலை வெளியே எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தகராறு செய்தால் அந்த ஆப் உங்கள் போனுக்கு ஆகாது, பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.